கியூ ஆவணக் காப்பகம்: வாசிப்பறை அருமை, பட்டியல்தான் திசைதிருப்பும்

பிரிட்டிஷ் பேரரசின் பாதுகாப்புத் திட்டமிடலில் காலனிகளுக்கு எவ்வளவு குரல் இருந்தது என்று ஆராய்பவர்கள், லண்டன் கியூவிலுள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயே ஆகவேண்டும். வாசிப்பறையில் பெரிய குறையில்லை. நுழைவு இலவசம். மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று எனச் சான்று கொண்டுபோங்கள். எழுதப் பென்சில் மட்டும்தான். பேனா, அழிரப்பர், தண்ணீர் பாட்டில் உள்ளே போகாது. ஃபிளாஷ் இல்லாமல் சொந்த கேமராவில் இலவசமாகப் படமெடுக்கலாம்.

வம்பெல்லாம் இணையப் பட்டியலில். 'கலோனியல் டிஃபென்ஸ்' என்று தேடினால் சி.ஏ.பி. (CAB, அமைச்சரவை அலுவலக ஆவணங்களுக்கான குறியீடு) 7, 8 தொடர்கள் வந்து குவியும். அவை 1885இல் அமைந்த காலனிப் பாதுகாப்புக் குழுவுடையவை. பெயரில்தான் காலனி; உட்கார்ந்தவர்கள் லண்டன் அதிகாரிகள். கோட்டை, பீரங்கி, காவற்படை பற்றி ஏராளம் கிடைக்கும், பிரதிநிதித்துவம் பற்றி அல்ல.

பார்க்கவேண்டியது சி.ஏ.பி. 2: பேரரசுப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள். அதில் நிரந்தர உறுப்பினர் பிரதமர் ஒருவரே, மற்றவர்கள் அழைப்பின்பேரில் வந்தவர்கள். அதனால் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்கும் வருகைப் பட்டியலே முதன்மைச் சான்று. பலர் அதைத் தாண்டி நேராக விவாதத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சி.ஏ.பி. 2 தொகுதிவாரியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் சொல்தேடல் பலிக்காது. அதே குறிப்புகளின் நகல்கள் 1916 வரை சி.ஏ.பி. 38இல் தனித்தனி எண்ணில் உள்ளன. தேதியை வைத்து அங்கே தேடுங்கள். 1903 டிசம்பரில் கனடா படைத்துறை அமைச்சர் ஃபிரெடரிக் போர்டன் வந்தார். 1911 மே 26 அன்று டொமினியன் (கனடா, ஆஸ்திரேலியா போன்ற தன்னாட்சிக் காலனி) பிரதமர்களுக்கு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே வெளியுறவுக் கொள்கையை விளக்கினார். அந்த வருகைப் பட்டியலை அதே ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஃபிரான்சுக்குப் படை அனுப்புவதைப் பேசிய அன்று டொமினியன்காரர் ஒருவரும் இல்லை!

1912 டிசம்பர் 10ஆம் தேதி காலனித்துறை அமைச்சர் ஹார்கோர்ட், இந்தக் குழுவில் டொமினியன்களின் பங்கு பற்றி அவற்றுக்கு எழுதிய கடிதம் நாடாளுமன்ற ஆவணமாக அச்சானது. அதற்காகக் கியூ வரை அலையவேண்டாம்.

இந்தியாவுக்கு சி.ஏ.பி. 6 இருக்கிறது, ஆனால் போதாது. இந்தியா அலுவலக ராணுவக் கோப்புகள் செயின்ட் பாங்கிரசிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில். 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் அதன் பட்டியல் முடங்கியது, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 1917இல் பிகானேர் மகாராஜாவும் எஸ்.பி. சின்ஹாவும் பிரிட்டிஷ் அரசின் இந்தியத் துறை அமைச்சருக்குத் துணையாக அமர்ந்த பேரரசுப் போர் அமைச்சரவையின் குறிப்புகள் சி.ஏ.பி. 23இல்; அவற்றை வீட்டிலிருந்தே தரவிறக்கலாம்.