நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘லைஃப் ஆஃப்டர் டெத்’ (இரட்டை சிடி): சாவை மறந்துவிட்டுக் கேளுங்கள்

பழைய சிடியாகத்தான் வாங்கினேன். பெட்டி ஓரத்தில் உடைந்திருந்தது, விற்றவர் வாயே திறக்கவில்லை. வட்டுகளில் கீறல் இல்லாததால் நானும் விட்டுவிட்டேன். அட்டையில் அமெரிக்க ராப் பாடகர் பிக்கி (நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நீளமான கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக சவ வண்டியில் சாய்ந்து நிற்கிறார். நம்பர் பிளேட்டில் பி.ஐ.ஜி.

இந்த அட்டையையும் தலைப்பையும் வைத்துத்தான் ‘தன் சாவை முன்கூட்டியே பாடிவிட்டார்’ என்று ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள். 1997 மார்ச் 9, நள்ளிரவு தாண்டிய நேரம். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பார்ட்டியிலிருந்து கிளம்பிய அவருடைய வண்டி வில்ஷயர் சாலை சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் வந்த காரிலிருந்து சுட்டுவிட்டார்கள். வயது 24. ஆல்பம் வந்தது 16 நாள் கழித்து. கொலைக்காக இன்றுவரை ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் 1994-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே ‘ரெடி டு டை’. அது தற்கொலையில் முடியும், இது அந்த இடத்திலிருந்து தொடங்கும். ஜோசியமெல்லாம் இல்லை, கதை சொல்லத் தெரிந்தவரின் திட்டம்.

அந்தக் கதை சொல்லும் திறமையை ‘ஐ காட் எ ஸ்டோரி டு டெல்’ பாட்டில் கேளுங்கள். இன்னொருவனின் காதலியோடு இருக்கும்போது அவன் வீடு திரும்பிவிடுகிறான். கொள்ளையடிக்க வந்தவன் போல நடித்துத் தப்பித்த கதை. எதுகையோடு ராப்பாகச் சொல்லி முடித்துவிட்டு, அதே கதையை நண்பர்களிடம் வெறும் பேச்சில் மறுபடி சொல்கிறார். இரண்டாவது தடவையும் சிரிப்பு வருகிறது. ‘நோட்டோரியஸ் தக்ஸ்’ அதைவிட மேல். அதிவேக ராப்புக்குப் பேர்போன ‘போன் தக்ஸ்’ குழுவை விருந்தாளியாக அழைத்து, அவர்கள் பாணியிலேயே அவர்களுக்கு ஈடு கொடுக்கிறார். அத்தனை பெரிய உடம்புக்காரர் எங்கே மூச்சு விடுகிறார் என்று ஹெட்ஃபோனில் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

குறை? நீளம். 24 டிராக், கிட்டத்தட்ட 110 நிமிடம். இரண்டாம் வட்டின் நடுப்பகுதி இழுக்கிறது. ‘பிளேயா ஹேட்டர்’ பாட்டில் வேண்டுமென்றே சுருதி விலகிப் பாடுகிறார். ஒருமுறைக்கு வேடிக்கை, அப்புறம் அடுத்த பாட்டுதான். தயாரிப்பாளர் பஃப் டாடி இடையிடையே பேசிக்கொண்டே இருப்பதும் எனக்குத் தாங்கவில்லை. ‘கோயிங் பேக் டு காலி’ மட்டும் சங்கடம்: அவர் சுடப்பட்ட அதே கலிபோர்னியாவைக் கொண்டாடும் பாட்டு. அங்கே மட்டும் ‘சாவை மறந்துவிட்டுக் கேளுங்கள்’ என்ற என் உபதேசம் எனக்கே செல்லுபடியாகவில்லை.

ராப்பர் ஜே-சி பிறகு பல பாட்டுகளில் இவருடைய வரிகளை எடுத்தாண்டிருக்கிறார். மூலத்தைக் கேட்டால் அவை எங்கிருந்து வந்தன என்று பிடிபடும். முதல் முறை கேட்பவர்கள் ‘ரெடி டு டை’யில் தொடங்கி இதற்கு வாருங்கள். மிச்சமிருந்த வரிகளை ஒட்டுப்போட்டு 1999-இல் விட்ட ‘பார்ன் அகெய்ன்’ பக்கம் போக வேண்டாம், காசு தண்டம். இதற்கு ஐந்துக்கு நாலரை.