வளாகக் காவல் சேவையும் ஆயுத விதிகளும்: டெக்சஸில் படித்த ஒருத்தியின் மதிப்பீடு

டெக்சஸ் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஐந்து ஆண்டுகள் இருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் வளாகக் குடியிருப்பிலும், பிறகு நடந்து போகும் தொலைவில் ஒரு வீட்டிலும் தங்கினேன். ஆய்வகத்திலிருந்து கிளம்ப நள்ளிரவாகிவிடுவது வழக்கமாக இருந்ததால், வளாகக் காவல்துறையின் சேவையை ஏறத்தாழ எல்லா வகையிலும் பயன்படுத்தியிருக்கிறேன். அங்கே படிக்கப் போகும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "துப்பாக்கியோடு வகுப்புக்கு வரலாமாமே, உண்மையா?" உண்மைதான். இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு மூன்றரை தருவேன். குறைத்த ஒன்றரைக்குக் காவலர்கள் காரணமல்லர்; அந்தக் கேள்விக்கான முழு விடையைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித்தராததே காரணம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம், நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்தும் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒருவன் கீழே நடமாடியவர்களைச் சுட்டுக்கொன்ற 1966 ஆகஸ்ட் 1-ஆம் நாளுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே தேதியில். இந்தப் பொருத்தம் அங்குள்ள பலரையும் இன்னும் உறுத்துகிறது. சட்டத்தின்படி, மாநில உரிமம் பெற்றவர் தன் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி மறைத்துவைத்துக்கொண்டு வளாகக் கட்டடங்களுக்குள் வரலாம். வேண்டுமென்றே பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வது குற்றம். நீண்ட குழல் துப்பாக்கிகளுக்குக் கட்டடங்களுக்குள் இடமில்லை. 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே பொது இடங்களில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டம் மாறியபோது, வளாகத்துக்குள்ளும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது தவறு. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைய இன்றும் உரிமம் வேண்டும்.

பல்கலைக்கழகத் தலைவர் வளாகம் முழுவதற்கும் தடை போட முடியாது. ஆனால் நியாயமான காரணத்தோடு குறிப்பிட்ட இடங்களைத் துப்பாக்கி அனுமதியிலிருந்து விலக்கிவைக்கலாம். ஆகவே எந்த ஆய்வகம், எந்த மருத்துவ மையம், எந்த விடுதி விலக்குப் பட்டியலில் வருகிறது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் முற்றிலும் மறுத்துவிடச் சட்டமே வழிவிடுகிறது. பெரும்பாலானவை மறுத்தும் விட்டன. அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கட்டணத்தோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

விலக்கப்பட்ட இடங்களின் வாசலில் ஒரு பலகை இருக்கும். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், பின்னணியிலிருந்து பளிச்செனத் தெரியும் நிறத்தில், ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்துகளில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தண்டனைச் சட்டப் பிரிவின் எண்ணைக் கொண்டு அதை "முப்பது-பூஜ்யம்-ஆறு பலகை" என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். எங்கள் வளாகத்தில் பலகைகள் ஒழுங்காகவே இருந்தன. குறை என்னவென்றால், பலகை இல்லாத வாசல் எதைக் குறிக்கிறது என்பது வெளிநாட்டிலிருந்து வந்த மாணவனுக்குத் தெரியாது. முதல் பருவத்தில் நான் உதவி ஆசிரியையாக வகுப்பெடுத்த அறையின் வாசலில் பலகை இல்லை. அதனால் அங்கே துப்பாக்கி அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், உரிமம் இருக்கிறதா என்று நான் எந்த மாணவரையும் கேட்கக் கூடாது என்பதையும் பருவம் பாதி கடந்த பிறகு ஒரு சக மாணவி சொல்லித்தான் அறிந்தேன். மதிப்பெண் குறைந்த மாணவன் தனியாகப் பேச வரும் நேரத்தில் இதை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் ஒன்றல்ல. அச்சத்தை விதைக்க இதைச் சொல்லவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் வகுப்பறையில் ஒருமுறைகூட நான் துப்பாக்கியைக் கண்டதில்லை. ஆனாலும் நான் நிற்கும் அறையின் விதி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கியைவிட நம் மாணவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது கத்தியில்தான். ஐந்தரை அங்குலத்துக்கு மேல் அலகு நீண்ட கத்தியைக் கல்வி நிறுவனக் கட்டடங்களுக்குள் கொண்டுவருவதை 2017-இல் திருத்தப்பட்ட மாநிலச் சட்டம் தடைசெய்கிறது. வீட்டில் காய் நறுக்கும் பெரிய கத்தியே அந்த அளவைத் தாண்டும். என் அறைத்தோழியின் அம்மா பெட்டியில் ஓர் அரிவாள்மணையை வைத்து அனுப்பியிருந்தார். பல்கலைக்கழக விதியில், குடியிருப்புச் சமையலறையில் சமைப்பதற்காக வைத்திருக்கும் கத்திகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அரிவாள்மணையை எந்த வகையில் சேர்ப்பது என்று எங்களுக்குப் புரியவில்லை. படம் எடுத்துக்கொண்டு காவல் அலுவலகத்துக்கே போய்க் கேட்டோம். பணியிலிருந்த பெண் அதிகாரி பொறுமையாகப் பார்த்து, அது எப்படிப் பயன்படுகிறது என்று கேட்டறிந்து, சமையலறையை விட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள், துறையில் நடக்கும் விருந்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார். கேட்டால் இவ்வளவு நன்றாகச் சொல்கிறார்கள். தற்காப்புக்கென்று கடைகளில் விற்கும் சிறு மிளகுத் தெளிப்பான் சட்டப்படி தடைசெய்யப்பட்டதல்ல என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். தமிழ் மாணவர்கள் பொங்கல் விழாவுக்காக ஒரு வரலாற்று நாடகம் ஒத்திகை பார்த்தார்கள். வெள்ளி வண்ணம் பூசிய மரவாள்களை ஏந்தி இருட்டிய பிறகு வண்டி நிறுத்துமிடத்தைக் கடந்தபோது, யாரோ காவல்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிடத்துக்குள் மூன்று காவல் வண்டிகள் வந்து நின்றன. கைகளை உயர்த்தச் சொன்னார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நடுங்கிப்போனான். அவை மரம் என்று தெரிந்ததும் அதிகாரிகளின் குரல் உடனே தணிந்தது, யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆயுதம் போலத் தோன்றும் நாடகப் பொருளுக்கும் முன்னனுமதி வேண்டும் என்ற வரி விதிப்புத்தகத்தில் இருக்கத்தான் செய்கிறது. நாற்பது பக்கங்களுக்கு நடுவே அதை எங்களில் ஒருவரும் படித்திருக்கவில்லை.

இரவுத் துணைச் சேவைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். தொலைபேசியில் அழைத்தால், பயிற்சி பெற்ற மாணவக் காவலர் இருவர் சீருடையோடு வந்து வீடு வரை உடன் நடப்பார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் நான் காத்திருந்த நாள்கள் அரிது. பாதையோர நீல விளக்குக் கம்பங்களில் உள்ள அவசர அழைப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்த நேர்ந்தது. உடனே குரல் வந்தது.

அவசரச் செய்தி அனுப்புவதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். அது ஏன் முக்கியம் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2007 ஏப்ரல் 16 அன்று வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட 32 பேரில் ஒருவர் நம் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன்; நாரிஸ் ஹாலில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அன்று விடுதியில் முதல் இருவர் சுடப்பட்டது காலை சுமார் 7.15-க்கு. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. நாரிஸ் ஹாலில் சுடத் தொடங்கியது சுமார் 9.40-க்கு. அதன் பிறகே, ஆபத்து உறுதியானவுடன் தாமதமின்றி வளாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2008-இல் கூட்டாட்சிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. எங்கள் வளாகத்தின் அருகே ஒருமுறை ஆயுதத்தோடு வழிப்பறி நடந்தபோது குறுஞ்செய்தி ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. அந்த ஐம்பது நிமிடத்துக்குள் நான் அதே தெருவழியே நடந்து வீடு சேர்ந்திருந்தேன்.

சேர்க்கைக்கு முன்பே எவரும் பார்க்கக்கூடிய ஆவணங்கள் இரண்டு உண்டு. 1986-இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவியின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் 1990-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கடந்த மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். ஆயுதச் சட்ட மீறலுக்காகக் கைதானவர்களின் எண்ணிக்கையும், ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையும் அதில் தனித்தனியாக இருக்கும். இன்னொன்று, காவல்துறை வைத்திருக்கும் அன்றாடக் குற்றப் பதிவேடு. கடைசி 60 நாள் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். நான் இரண்டு முறை கேட்டேன். காரணம் விசாரிக்காமல் காட்டினார்கள்.

நாடகச் சம்பவத்துக்குப் பிறகு, வெளிநாட்டு மாணவர்களுக்கான முதல் நாள் கூட்டத்தில் ஒரே ஒரு பக்கத் தாள் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். பலகை இல்லாத வாசலின் பொருள், ஐந்தரை அங்குலக் கணக்கு, நாடகப் பொருளுக்கான அனுமதி, வண்டியில் பூட்டி வைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் உள்ளவரைப் பல்கலைக்கழகம் தடுக்க முடியாது என்ற செய்தி, இரவுத் துணைக்கான தொலைபேசி எண், இவ்வளவுதான் அதில் வேண்டும். நல்ல யோசனை என்று பதில் வந்தது. நான் பட்டம் பெற்றுக் கிளம்பும் வரை அந்தத் தாள் வரவில்லை. மூன்று ஆண்டுகள் நானே அச்சடித்து, தமிழ் மாணவர்கள் வந்திறங்கும் ஆகஸ்ட் வாரத்தில் கையில் கொடுத்தேன்.