எஃப்பிஎம்மா, டெப்ஹெல்பரா?

பெங்களூரு அல்சூரில் நண்பர்களோடு எழுதிய தமிழ் விசைப்பலகை நிரலைப் லினக்ஸ் கணினிகளில் நிறுவத்தக்க பொதியாக்க எஃப்பிஎம், டெப்ஹெல்பர் என்ற இரு கருவிகளையும் பயன்படுத்தினேன். ரூபியில் எழுதப்பட்ட எஃப்பிஎம், ஒரு கோப்புறையைக் காட்டினால் ஒரே கட்டளையில் டெப் பொதியோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளுக்கு) ஆர்பிஎம் பொதியோ (ஃபெடோரா போன்றவற்றுக்கு) தந்துவிடுகிறது. அலுவலகத்துக்குள் நிறுவ அது போதும்.

ஆனால் எந்த நூலகங்கள் (நிரல் இயங்கச் சார்ந்திருக்கும் பொது நிரல் தொகுப்புகள்) தேவை என்பதை அதற்கு நாமேதான் சொல்ல வேண்டும். ஒன்றை மறந்தேன், தம்பியின் கணினியில் நிரல் திறக்கவே இல்லை. டெப்ஹெல்பர் அப்படியல்ல. தொகுத்த கோப்புகளை ஆராய்ந்து, அவை சார்ந்த நூலகங்களைத் தானே கண்டறிகிறது. அதற்கு நாம் எழுத வேண்டிய கோப்புகள் கண்ட்ரோல் (பொதியின் விவரம்), சேஞ்ச்லாக் (மாற்றங்களின் பட்டியல்), ரூல்ஸ் (பொதியாக்கும் கட்டளைகள்) எனப் பல என்று மிரள வேண்டாம். ரூல்ஸ் பெரும்பாலும் மூன்றே வரிகள்தான். டெபியனின் பொதிக் களஞ்சியத்தில் சேர மூலப்பொதி (மூலநிரலும் பொதியாக்கும் கோப்புகளும் சேர்ந்தது) கட்டாயம். எஃப்பிஎம் அதைத் தருவதில்லை. எங்கள் நிரல் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் டெப்ஹெல்பரையே தேர்ந்தேன்.