தனி நகலா, மூலத் திட்டமா?

மண்ணடி இரும்புக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் கணக்கு செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. அதற்கு அடிப்படை ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக நிர்வாக மென்பொருள். ஜிபிஎல் 3 உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம். அதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வழி: நம் நகலில் மட்டும் திருத்திக்கொள்ளலாம், இல்லை திருத்தத்தை அந்த மென்பொருளை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கே அனுப்பலாம்.

முதல் வழி வேகமானது. யாரையும் கேட்க வேண்டாம், சாயங்காலத்துக்குள் முடியும். உரிமமும் தடுக்காது: நமக்குள் பயன்படுத்தும் வரை மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை, வெளியிடத் தேவையில்லை, வாடிக்கையாளர் கையில் நகலைக் கொடுத்தால் மூலநிரலும் அவருக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் டன்னில் வாங்கி கம்பி எண்ணிக்கையில் விற்பதற்காக பில்லில் நாங்கள் செய்த திருத்தம் இருக்கிறதே, புதுப் பதிப்பு வந்தபோதெல்லாம் உடைந்து, அதை ஒட்டவைக்கவே இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி மெதுவானது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி நிற்கிற மாதிரி நம் திருத்தம் வரிசையில் நிற்கும். திட்டத்தைப் பராமரிப்பவர்கள், சரிபார்க்கும் சோதனை நிரல் எழுது, துண்டாகப் பிரி என்பார்கள், சிலசமயம் வேண்டாம் என்றும் சொல்வார்கள். அவர்கள் நம் சம்பள ஆட்கள் இல்லை, அதட்டினால் வேலை நடக்காது. ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால் அந்தச் சுமை நம் தலையில் மட்டும் இல்லை.

இப்போது பிழைத்திருத்தம் எல்லாம் மூலத் திட்டத்துக்கு. கடைக்கே உரிய கூத்துகள், மூலநிரலைத் தொடாமல் அதோடு சேர்ந்து ஓடும் தனி ஆப்பில்.