ஓஸி ஸ்மித்தா, புரூக்ஸ் ராபின்சனா? பேஸ்பாலின் பெரிய ஃபீல்டர் யார்?

பேஸ்பால் வரலாற்றிலேயே சிறந்த ஃபீல்டர் யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் உடனே கோல்டு குளோவ் விருதுகளை (வருஷா வருஷம் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்த ஃபீல்டருக்குத் தரப்படுவது) எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி எண்ணினால் முதலிடம் கிரெக் மேடக்ஸுக்கு, 18 விருது. ஆனால் அவர் பந்தை எறியும் பிட்சர், அவர் பக்கம் வரும் பந்துகளே குறைவு. அதைவிடக் கூத்து 1999இல் நடந்தது. ரஃபேல் பால்மேரோ ஃபர்ஸ்ட் பேஸில் (பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய முனை) வெறும் 28 ஆட்டம் நின்றுவிட்டு அந்த இடத்துக்கான விருதையே வாங்கிக்கொண்டு போனார். மீதி ஆட்டங்களில் பெரும்பாலும் பேட்டிங் மட்டும்தான். ஓட்டுப் போட்டவர்களோ மேனேஜர்களும் கோச்சுகளும்! சரி, விருதுக் கணக்கை ஓரம் கட்டுவோம்.

என்னைக் கேட்டால் போட்டி இரண்டு பேருக்குள்தான்: பால்டிமோர் ஓரியோல்ஸின் தேர்ட் பேஸ்மேன் (மூன்றாவது முனையைக் காப்பவர்) புரூக்ஸ் ராபின்சன், சான் டியேகோவில் தொடங்கி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் கொடிகட்டிப் பறந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது முனைகளுக்கு நடுவில் நிற்பவர்) ஓஸி ஸ்மித்.

ராபின்சன் வேகமாக ஓடக்கூடியவர் இல்லை. ஆனால் தேர்ட் பேஸில் ஓட நேரம் எங்கே இருக்கிறது? கிரிக்கெட்டில் சில்லி பாயிண்டில் நிற்பவர் மாதிரி, பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்கும்போதே கை போயிருக்க வேண்டும். 1970 வேர்ல்டு சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டம், சின்சினாட்டியின் செயற்கைப் புல்தரை. எதிரணியின் லீ மே அடித்த பந்து ஆடுகளத்தின் ஓரக் கோட்டை ஒட்டிச் சீறிக்கொண்டு போகிறது. ராபின்சன் பேக்ஹேண்டில் அதை அள்ளுகிறார், ஓடிய வேகத்தில் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார், உடம்பை முறுக்கி அங்கிருந்தே எறிகிறார், பந்து ஒரு துள்ளு துள்ளி, அடித்தவர் ஓடி வருவதற்குள் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போய்ச் சேருகிறது. அவுட்.

ஸ்மித்துக்கு அப்படி ஒரு பந்து வந்தது 1978 ஏப்ரலில், அவர் லீகுக்குள் நுழைந்த அதே மாதம். அட்லாண்டாவின் ஜெஃப் பரோஸ் நடுவில் அடித்ததைப் பிடிக்க இடப்பக்கம் பாய்கிறார். அந்தரத்தில் இருக்கும்போதே பந்து தாறுமாறாக எகிறி அவருக்குப் பின்னால் போகிறது. வெறும் வலது கையைப் பின்னால் நீட்டிப் பிடித்து, விழுந்த வேகத்திலேயே எழுந்து எறிந்து அவுட் ஆக்கினார். பாய்ந்த பிறகு முடிவை மாற்றுவதென்றால் சும்மா இல்லை.

அழகு இருவருக்கும் சமம் என்றே வைத்துக்கொள்வோம், வேலைப்பளு சமம் இல்லை. தேர்ட் பேஸில் ராபின்சன் 2,870 ஆட்டங்களில் 6,205 அசிஸ்ட் (பந்தை எறிந்து அவுட் ஆக்க உதவியது). ஷார்ட்ஸ்டாப்பில் ஸ்மித் 2,511 ஆட்டங்களில் 8,375. இரண்டுமே அவரவர் இடத்தில் சாதனைதான். ஆனால் வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு ராபின்சனுக்கு இரண்டு சொச்சம், ஸ்மித்துக்கு மூன்றே காலுக்கும் மேல். ஷார்ட்ஸ்டாப்புக்கு இயல்பாகவே அதிகப் பந்து வரும், உண்மைதான், அதனால்தானே அங்கே அணியின் சிறந்த கையை நிறுத்துகிறார்கள்? எர்ரர் (ஃபீல்டர் செய்த பிழை) எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு ஒன்று: எட்டாத பந்துக்கு எர்ரர் கிடையாது. நிறையத் தொடுபவன்தான் நிறையத் தவறவும் விடுவான். என் ஓட்டு ஸ்மித்துக்கு.

சென்டர் ஃபீல்டர் வில்லி மேஸ் எங்கே என்று சண்டைக்கு வருவீர்கள். 1954இல் போலோ கிரவுண்ட்ஸில் முதுகைக் காட்டி ஓடியபடியே விக் வெர்ட்ஸின் பந்தைப் பிடித்தாரே, அதற்கு நானும் அடிமை. ஆனால் மேஸின் புகழில் மட்டையால் அடித்த 660 ஹோம் ரன்னும் கலந்திருக்கிறது, ஃபீல்டிங்கை மட்டும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அந்தச் சிக்கலே இல்லாதவர் மார்க் பெலாஞ்சர். ராபின்சனுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவர், 8 கோல்டு குளோவ், பேட்டிங் சராசரியோ மோசமான .228தான். இடப்பக்கம் இப்படி ஒருவர் இருந்ததால்தான் ராபின்சனால் தைரியமாகக் கோட்டை ஒட்டி நிற்க முடிந்தது என்பது என் சந்தேகம். அந்த மட்டையை வைத்துக்கொண்டு அவரால் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போக முடியவில்லை. ஃபீல்டிங்குக்கு மட்டும் ஓட்டு என்றால் மூன்றாவது பெயராக அவரைத்தான் எழுதுவேன், மேஸுக்கும் முன்னால்.