ஏ.டி.என். படிப்பா, பி.எஸ்.என். படிப்பா?

அமெரிக்காவில் நர்ஸ் ஆக நினைக்கும் பலரும் தடுமாறும் கேள்வி இது. ஏ.டி.என். என்பது நர்சிங்கில் இணைப் பட்டம் (அசோசியேட் டிகிரி); பி.எஸ்.என். என்பது இளங்கலைப் பட்டம். இரண்டையும் முடித்தவர்கள் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு. கிடைப்பது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம்.

காலம்
ஏ.டி.என்.: பெயருக்கு 2 ஆண்டு. உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்பாடங்களையும் சேர்த்தால் 3 ஆண்டை நெருங்கும்.
பி.எஸ்.என்.: 4 ஆண்டு.

செலவு
ஏ.டி.என்.: சமுதாயக் கல்லூரிக் கட்டணம், பெரும்பாலும் கட்டுப்படியாகும்.
பி.எஸ்.என்.: தனியார் பல்கலைக்கழகம் என்றால் கடன் இல்லாமல் முடிப்பது கடினம்.

தேர்ச்சி
முதல் முறை என்கிளெக்ஸ் எழுதுவோரின் தேர்ச்சி விகிதத்தில் இரு தரப்புக்கும் இடைவெளி சில சதவீதப் புள்ளிகள்தான். ஆகவே ஏ.டி.என். தரம் குறைந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வு
பி.எஸ்.என். பக்கம் அடிக்கடி காட்டப்படுவது நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவின் 2003 ஆய்வு. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், இளங்கலையோ அதற்கு மேலோ படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தது. கனமான ஆதாரம்தான். ஆனால் அது அளந்தது மருத்துவமனையின் மொத்தப் பணியாளர் கலவையை. தனியொரு நர்ஸின் திறமையை அல்ல.

வேலை
பெரிய மருத்துவமனைகள் பல பி.எஸ்.என். கேட்கின்றன. நியூயார்க்கில் 2017 சட்டப்படி, புதிதாக உரிமம் பெறுவோர் 10 ஆண்டுக்குள் அதை முடிக்க வேண்டும்.

குடும்பச் சுமையோடு சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்கள் ஏ.டி.என். முடித்து, வேலை பார்த்தபடியே ஆன்லைனில் பி.எஸ்.என். சேருங்கள். உதவித்தொகை கிடைக்கிற, நிர்வாகமோ மேற்படிப்போ குறிவைக்கிற இளையவர்கள் நேரே பி.எஸ்.என். போகலாம். எதுவானாலும், அந்தக் கல்லூரியின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தை மாநில நர்சிங் வாரியத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.