அண்ணா சாலையும் ஏரிச்சாலையும்: கொடைக்கானலுக்கு எந்த மாற்றம் பொருந்தும்?

கொடைக்கானல் ஊர் நடுவை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஏற்றதாக மாற்ற மூன்று வழிகள் உண்டு. வண்டிகளை அறவே நிறுத்தலாம், சில மணி நேரம் மட்டும் நிறுத்தலாம், இல்லையென்றால் வண்டிகளை விட்டுவிட்டு நடைபாதையைப் பெரிதாக்கலாம்.

வண்டிகள் ஓடாத காங்டாக்கின் எம்.ஜி. மார்க்கையும் சிம்லாவின் மால் ரோட்டையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் முதல் வழியைத்தான் கேட்பார்கள். மலையூரில் ஹாரன் சத்தமில்லாமல் நடப்பது பெரிய சுகம். 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக் நடைபாதை அதை இங்கேயே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குத் தருகிறது. ஆனால் காங்டாக்கில் வண்டிகள் போகக் கீழே வேறு சாலை இருக்கிறது. இங்கே பஸ் ஸ்டாண்டே பஜார் இருக்கும் அண்ணா சாலையில். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து பூண்டு மூட்டையோடு வரும் அம்மாவை எங்கே இறக்கிவிடுவது? அவருக்கு நடை கூடும் திட்டத்தை நடப்பவர்களுக்கான திட்டம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வழி ஏரிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1863-இல் உருவான ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர் சாலை, பெரும்பாலும் சமதளம். வாடகை சைக்கிள், குதிரை, நடைப்பயிற்சிக்காரர், கார் எல்லாம் அதே சாலையில்தான். காலை ஆறு முதல் ஒன்பது வரை, கரையோரம் குடியிருப்பவர்களின் வண்டிகளைத் தவிர மற்றதை நிறுத்தினாலே போதும். தடுப்புகளும் நாலைந்து ஆட்களும்தான் செலவு. சைக்கிள் பழகாத குழந்தைகள் வாடகை சைக்கிளில் ஆடி ஆடிப் போகும் சாலை இது. அவர்கள் பக்கத்தில் டூரிஸ்ட் வேன் உரசிப் போவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு பதறும்.

பஜாருக்கு இந்த நேரக்கணக்கு உதவாது. அங்கே கூட்டம் நாள் முழுக்க. அதனால் அண்ணா சாலைக்கு நான் மூன்றாவது வழியையே சொல்வேன். இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. சாலையோரம் நிற்கும் ஒரு கார் கிட்டத்தட்ட 2 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் கார் நிறுத்துவதை எடுத்தாலே முழு நடைபாதை கிடைத்துவிடும். கடையையோ மரத்தையோ தொடவே வேண்டாம். ஸ்வெட்டர், சோளக்கதிர் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தரும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கான இடம் இந்த 1.8 மீட்டருக்கு வெளியே அமைய வேண்டும்.

சைக்கிளுக்கு இரு பக்கமும் கோடு போடுவது சரிவான சாலையில் வீண். இறங்குபவர் வண்டிகளின் வேகத்திலேயே வந்துவிடுவார். ஏறுபவர்தான் தள்ளாடுவார், பாதி தூரம் இறங்கி உருட்டிக்கொண்டு போவார். ஏறும் பக்கம் மட்டும் தனி இடம் போதும். இரு பக்கமும் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் வைத்தால் இறங்குபவருக்கும் பாதுகாப்பு.

அப்புறம் தரை. பார்வைக்கு அழகான வழவழப்பான டைல்ஸ் பனியிலும் பாசியிலும் வழுக்கும். சொரசொரப்பான கருங்கல்தான் இந்த ஊருக்குச் சரி. சாக்கடை மூடியின் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே மாட்டும். லட்சக்கணக்கில் செலவழிக்கும் திட்டங்கள்கூட இந்த இரண்டையும் கோட்டைவிடுகின்றன.

வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு இருக்கிறதே என்பார்கள். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பு வைத்தது. மலையேறும் கூட்டத்தை அது குறைக்கும்; ஏறிவந்த கார் பஜாரில் எங்கே நிற்கும் என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும்.

சீசன் கூட்டம் வடிந்த ஜூலையில் தொடங்கலாம். ஒரு பக்கம் பார்க்கிங்கை நிறுத்திவிட்டு, பீப்பாய்களை வரிசையாக வைத்து நடைபாதை விட்டுப் பார்க்கலாம். சாமான் இறக்கக் கடைக்காரர்களுக்குக் காலை எட்டு மணி வரை நேரம் கொடுக்கலாம். ஐப்பசி அடைமழை வரை இப்படியே ஓட்டினால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, யார் எங்கே சாலையில் இறங்குகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கல் பதிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.